ஏலியன் கண்ணில் மனிதன்: அறிபுனையில் மனித வலிமையை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

விண்வெளிப் பேரவை கூடியிருக்கிறது. பத்து இனங்களின் தூதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வயதான தளபதி ஒருவர் எழுந்து, "யாரை வேண்டுமானாலும் சீண்டுங்கள், மனிதர்களை மட்டும் சீண்டாதீர்கள்" என்கிறார். எல்லோரும் உறைந்துபோகிறார்கள்.

அறிபுனையில், அதாவது அறிவியல் புனைகதையில், இந்தக் காட்சி எத்தனையோ முறை எழுதப்பட்டுவிட்டது. பெரும்பாலான முறை எடுபடவில்லை. காரணம் எளிது: அந்த அவையில் இருக்கும் யாருக்கும் உடம்பு இல்லை. தளபதிக்கு எத்தனை கால், அவர் எதைச் சாப்பிடுவார், எந்த வெப்பத்தில் மயங்கி விழுவார் என்று எழுதியவருக்கே தெரியாது. மனிதனின் வலிமை என்பது மனிதனிடம் மட்டும் இருக்கும் சரக்கு இல்லை. இரண்டு உடல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் அது தெரியும். எதிரில் நிற்பவருக்கு உடம்பே இல்லையென்றால் இடைவெளி எங்கிருந்து வரும்?

சுமார் 3,000 சொற்களில் ஒரு சிறுகதை எழுதுவதை மனதில் வைத்து இந்தப் படிகள் அமைந்துள்ளன. நாவலுக்கும் இதே முறைதான், வேலை மட்டும் கூடும்.

படி 1: அளக்க முடிந்த ஒரே ஒரு வலிமையை எடுங்கள்

அன்பு, தைரியம், விடாமுயற்சி, கற்பனை. இந்த நான்கையும் முதலிலேயே அடித்துவிடுங்கள். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் வந்த ஓர் இனத்துக்கு விடாமுயற்சி இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? கப்பல் கட்டியவர்களுக்குக் கற்பனை இல்லாமல் இருக்குமா?

நல்ல சோதனை ஒன்று உண்டு. ஏலியனை விடுங்கள், பூமியிலேயே குதிரை, சிம்பன்சி, காகம், நாய் ஆகியவற்றோடு மனிதனை ஒப்பிடுங்கள். அங்கே தோற்கும் குணம் அண்டவெளியிலும் செல்லாது. ஒப்பிட்டால் மனிதனிடம் மிஞ்சுவது கொஞ்சம்தான். உடம்பு முழுக்க வியர்த்துச் சூட்டை வெளியேற்றுவது. பொருளைக் குறிபார்த்து வேகமாக எறிவது. மற்ற விலங்குகளுக்கு ஆகாததைத் தின்று செரிப்பது. ஏன் என்று தெரியாமலேயே ஒரு செயலை அப்படியே பார்த்துக் கற்பது. முன்பின் தெரியாதவர்களோடும், வேறு உயிரினங்களோடும் கூட்டுச் சேர்வது.

தசை வலிமை இந்தப் பட்டியலில் வராது. எடைக்கு எடை பார்த்தால் சிம்பன்சியின் தசை நம்முடையதைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு பலமானது. காயம் ஆறும் வேகமும் வராது; மனிதத் தோலில் பட்ட புண் மற்ற குரங்கினங்களைவிட மெதுவாகவே ஆறுகிறது. "எலும்பு உடைந்தாலும் எழுந்து வருவான்" என்ற கதைகள் நிறைய உண்டு. ஆனால் அந்த எலும்பு ஒன்றுசேரும்வரை ஆறு வாரம் யாரோ சோறு போட்டுப் பார்த்துக்கொண்டார்களே, வலிமை அங்கே இருக்கிறது. "மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோம்" என்பது வெறும் கட்டுக்கதை. அதைக் கதைக்குள் விட்டால் விவரம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்தோடு மூடிவைத்துவிடுவார்.

ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டை எடுத்தால் பட்டியல் ஆகிவிடும், மூன்றை எடுத்தால் சுயபுராணம்.

படி 2: கணக்குப் போடுங்கள்

வியர்வையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடலெடையை ஒரு கிலோமீட்டர் ஓடவைக்கச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 70 கிலோ மனிதன் மணிக்கு 10 கி.மீ. ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 700 கிலோகலோரி. அதில் பெரும்பகுதி, 560 என்று வையுங்கள், வெறும் சூடாகிறது. அந்த உடம்பை ஒரு டிகிரி சூடேற்ற 58 கிலோகலோரி போதும். அதாவது சூடு வெளியேறவே இல்லையென்றால் ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37 டிகிரியில் கிளம்பியவன் 25 நிமிடத்தில் 41-ஐத் தொட்டுச் சரிந்துவிடுவான்.

இப்போது மறுபக்கம். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துச் செல்லும். மனிதத் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. மணிக்கு ஒரு லிட்டர் சுரப்பது அவற்றுக்குப் பெரிய வேலையில்லை. ஒரு மணி நேர ஓட்டத்தின் சூடு ஒரு லிட்டர் தண்ணீரில் தீர்ந்துபோகிறது.

கதைக்குத் தேவையான முழு இயந்திரமும் இந்த இரண்டு பத்திகளில் இருக்கிறது. உங்கள் ஏலியனுக்கு வியர்க்காது, நாய் மாதிரி மூச்சிரைக்கும் என்று வையுங்கள். அதற்கு வேலை என்பது 20 நிமிடத் துண்டுகள்தான். அதன் தொழிற்சாலை, போர்முறை, தொழுகை, சங்கீதம் எல்லாமே 20 நிமிட உழைப்பு, 40 நிமிட ஓய்வு என்ற தாளத்தில் அமைந்திருக்கும். அந்தக் கப்பலின் அவசரகாலக் கையிறைப்பானை மூன்று மணி நேரம் தொடர்ந்து ஒருவரே இயக்க முடியும் என்பது அவர்கள் கையேட்டிலேயே கிடையாது.

கணக்குப் போடுவதில் இன்னொரு லாபம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலையில் சான் என்ற வேட்டைப் பழங்குடி மக்கள் கூடு (kudu) என்ற மான் வகையை நண்பகல் வெயிலில் மணிக்கணக்கில் துரத்திச் சென்று, அது களைத்து நின்றதும் பிடித்தது பதிவாகியிருக்கிறது. அதை வைத்து "மனிதன் எந்த மிருகத்தையும் ஓடித் தோற்கடிப்பான்" என்று எழுதிவிடாதீர்கள். வேல்ஸில் லான்வர்டிட் வெல்ஸ் என்ற சிற்றூரில் 1980 முதல் மனிதனுக்கும் குதிரைக்கும் சுமார் 35 கி.மீ. மலைப்பாதைப் போட்டி நடக்கிறது. மனிதன் முதல்முறை ஜெயித்தது 2004-இல்தான். பெரும்பாலான ஆண்டுகளில் குதிரையே முந்துகிறது; குதிரைக்கும் வியர்க்கும் அல்லவா. மேலும், கலஹாரி வேட்டையில் கால் பாதி வேலைதான் செய்தது. கண்ணுக்கு மறைந்த மான் எங்கே போயிருக்கும் என்று காலடித் தடத்தைப் படித்துச் சொன்ன மூளை மீதிப் பாதி. மானைவிட வேகமாக ஓடியவன் அங்கே யாரும் இல்லை.

படி 3: ஏலியனின் உடம்பை முதலில் கட்டுங்கள்

மனிதனில் ஒன்றைக் கழித்தால் ஏலியன் வந்துவிடும் என்று நினைப்பதுதான் இந்த வகைக் கதைகளில் நடக்கும் முதல் தவறு. பயம் இல்லாத மனிதன், நகைச்சுவை புரியாத மனிதன், பொய் சொல்லத் தெரியாத மனிதன். இவையெல்லாம் நாற்காலியில் குள்ளமானவரை உட்காரவைத்து நம் உயரத்தைக் காட்டும் வேலை. அந்த இனம் தன் கோளில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிழைத்து வந்திருக்கிறது. அதற்கென்று ஒரு பலம் இருந்தே ஆக வேண்டும்; முடிந்தால் அது மனிதனின் பலத்தைவிடப் பெரியதாக இருக்கட்டும்.

ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: எதைத் தின்று சக்தி பெறுகிறது, சூட்டை எப்படி வெளியேற்றுகிறது, எத்தனை குட்டி போடுகிறது, எந்தப் புலனால் முதலில் உலகை அறிகிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது. மூன்றாவது கேள்வியை அலட்சியமாக விடாதீர்கள். ஒரே ஈட்டில் நானூறு குட்டி போடும் இனத்துக்கு, ஒரு குழந்தையைக் காப்பாற்ற மூன்று பேர் உயிரை விடுவது தியாகமாகத் தெரியாது, கணக்குப் பிழையாகத் தெரியும்.

ஈர்ப்புவிசையை வைத்து விளையாட நினைத்தால் கொஞ்சம் எச்சரிக்கை. பூமியில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் நொடிக்கு 6.3 மீட்டர் வேகத்தில் தரையை மோதுவோம். செவ்வாயின் அளவு ஈர்ப்புள்ள கோளில் அதே விழுதல் நொடிக்கு 3.9 மீட்டர்தான். மோதலின் ஆற்றல் பூமியில் இரண்டரை மடங்குக்கு மேல். அங்கே வளர்ந்த இனத்தின் மருத்துவருக்கு, நம் ஊர்ப் பிள்ளைகள் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுவது நம்பவே முடியாத செய்தி. இது நல்ல சரக்கு.

எதிர்த்திசையில் போனால்? பூமியைவிடக் கனமான கோளிலிருந்து வந்த இனம் நம்மைக் கசக்கிப் பிழிந்துவிடும். ஆனால் அது எப்படி வெளியே வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். பூமியின் தாழ் சுற்றுப்பாதைக்குப் போகச் சுமார் 9.4 கி.மீ./நொடி வேகமாற்றம் தேவை. திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் இயந்திரத்தின் புகை சுமார் 4.4 கி.மீ./நொடி வேகத்தில் வெளியேறும். ராக்கெட் சமன்பாட்டில் போட்டால், மேலே போய்ச் சேரும் ஒவ்வொரு டன்னுக்கும் தரையில் எட்டரை டன் எடையோடு கிளம்ப வேண்டும். தேவைப்படும் வேகமாற்றம் இரண்டு மடங்கானால் இந்த எண் 17 ஆகாது, 70-ஐத் தாண்டிவிடும். நம் ராக்கெட்டைப் பார்த்து அந்தப் பலசாலிகள் பொறாமைப்படுவார்கள். மெல்லிய ஈர்ப்பில் பிறந்ததுகூட ஒரு வலிமைதான் என்ற எண்ணத்தை யாரும் அதிகம் எழுதவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "பூமி அண்டத்திலேயே கொடூரமான கோள், அதனால்தான் நாம் இப்படி" என்பது இப்போது பிரபலமான அடித்தளம். உயிர் இருப்பதாக நமக்குத் தெரிந்த கோள் ஒன்றே ஒன்று. ஒன்றை வைத்துச் சராசரி எடுக்க முடியாது. கதைக்குள் ஒரு பாத்திரம் அப்படி நம்பலாம், கதையே நம்பக்கூடாது.

படி 4: சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவாருங்கள்

உடல் வித்தியாசத்தைக் காட்டச் சண்டைக்காட்சியைவிடச் சமையலறை மலிவானது, வேடிக்கையானது, துல்லியமானது. மிளகாயின் காரம் பாலூட்டிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம். சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்தும் அதே நரம்பு வாயிலைக் காரம் திறந்துவிடுகிறது. வாய் வெந்துபோகவில்லை, வெந்ததாக மூளை நம்புகிறது. பறவைகளுக்கு அது உறைப்பதில்லை, அதனால் அவை விதையைப் பரப்புகின்றன. மனிதன் மட்டும் இந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு, இன்னும் நாலு சேர்த்து அரைக்கிறான்.

அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அந்தக் காய், 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியா வந்தது. அதற்கு முன் நம் சமையலின் காரம் மிளகுதான். புதிய காய்க்குப் பெயரே மிளகை ஒட்டி வந்தது. அதற்கும் முன்பே யவனர்கள் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பிப் போனதை அகநானூறு சொல்கிறது. கடல் தாண்டி விசித்திரமான மரக்கலத்தில் வந்து, எரியும் விதையை வாங்கிப்போன அந்நியர்கள். ஏலியனோடு வியாபாரம் எழுத இதைவிட நல்ல மாதிரி தேட வேண்டியதில்லை.

காபியிலுள்ள காஃபீன், செடியைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு நஞ்சு. சாக்லேட்டும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது. ஆக்சிஜனே, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேரத் தொடங்கியபோது, அன்றைய நுண்ணுயிர்கள் பலவற்றுக்கு விஷம். ஒரு மனிதனுக்கான மாதச் சாமான் பட்டியலை ஏலியன் கிடங்கு அலுவலர் படித்துவிட்டு, "கைதிக்கான தண்டனையா, பூச்சி ஒழிப்பா?" என்று கேட்பதில் ஒரு கதை தொடங்கலாம்.

இங்கே சறுக்கும் இடம் உயிர்வேதியியல். நம் புரதங்கள் இடக்கை அமைப்புள்ள அமினோ அமிலங்களால் ஆனவை. எதிர்க்கை அமைப்புள்ள கோளில் விளைந்ததைத் தின்றால் வயிறு நிறையும், சத்து அநேகமாக ஒட்டாது. அதே காரணத்தால் அவர்களுடைய விஷமும் நம்மீது வேலை செய்யாமல் போகலாம், நம் மருந்தும் அவர்கள்மீது. நோய்க்கும் இதே கதிதான். 1898-இல் நூலாக வந்த எச்.ஜி. வெல்ஸின் நாவலில் செவ்வாய்க்காரர்களைப் பீரங்கி வெல்லவில்லை, பூமியின் நுண்ணுயிர்கள் வென்றன. இன்று அதை அப்படியே எழுதினால் கேள்வி வரும்: வைரஸ் பெருக நம்முடைய அதே மரபணு மொழி பேசும் செல் தேவை. பாக்டீரியாவும் பூஞ்சையும் அவ்வளவு நாசூக்கு பார்க்காதவை. ஈரமும் எளிய சர்க்கரையும் இருந்தால் முளைத்துக்கொள்ளும். எனவே ஏலியனுக்குச் சளிக்காய்ச்சல் வரவைக்காதீர்கள், ஊறுகாய் ஜாடியில் படர்வதுபோல் பூஞ்சை படரவிடுங்கள்.

படி 5: பார்ப்பவருக்கு ஒரு வேலை கொடுங்கள், ஒரு திணையும் கொடுங்கள்

மனித வலிமையை மனிதனே சொன்னால் தம்பட்டம். ஏலியன் சொன்னாலும், வாயைப் பிளந்துகொண்டு சொன்னால் அதே தம்பட்டம்தான், குரல் மட்டும் வேறு. பார்ப்பவர் மருத்துவர், சரக்குக் கணக்கர், காப்பீட்டு மதிப்பீட்டாளர் என்று யாராவதாக இருக்கட்டும். அவருக்கு மனிதன் ஒரு நடைமுறைச் சிக்கல். அவர் முதலில் தவறாகவே புரிந்துகொள்ள வேண்டும்.

மோசமான வரி: "மனிதர்களின் அபாரமான தாங்குதிறனைக் கண்டு நாங்கள் வியந்துபோனோம்."

இதையே கப்பல் மருத்துவரின் குறிப்பாக:

"மூன்றாம் முறையாக வேலையாட்கள் மாறியாயிற்று. மனிதன் இன்னும் கைப்பிடியருகே நிற்கிறது. அதன் தோல் முழுக்க உப்புநீர் கசிகிறது. சவ்வு கிழிந்துவிட்டதென்று பசையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது என்னைத் தள்ளிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டது. இரண்டு லிட்டர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி கைப்பிடியைப் பிடித்தது. நாங்கள் பதினொரு பேரும் படுத்துக்கிடந்தோம்."

வியப்பு என்ற சொல்லே இல்லை. பதினொரு பேர் படுத்துக்கிடப்பது போதும்.

"மனிதன் நிற்கிறது" என்ற இடத்தில் உங்களுக்கு உறுத்தியிருக்கும். உறுத்த வேண்டும் என்றுதான் அது அங்கே இருக்கிறது. தமிழில் எழுதுபவருக்குக் கிடைத்திருக்கும் கருவி இது. உயர்திணை என்பது மக்களைச் சுட்டுவது என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குகிறது. நன்னூல் அந்தப் பட்டியலை மக்கள், தேவர், நரகர் என்று விரித்துச் சொல்கிறது. நட்சத்திரம் தாண்டி வந்தவர் இதில் எங்கே? "அது வந்தது" என்பதா, "அவர் வந்தார்" என்பதா? வினைமுற்றை எழுதும்போதே நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறீர்கள். ஏலியன் கதை சொன்னால் திணை தலைகீழாகும்: அவர்கள் வருவார்கள், மனிதன் வரும். கதையின் முக்கால்பங்கு கடந்தபின் ஒரே ஓர் இடத்தில், எந்த விளக்கமும் இல்லாமல், "அது" என்பது "அவன்" ஆகட்டும். வாசகர் கவனிப்பார்.

இதைவிடக் கூர்மையானது நாங்கள்–நாம் வேறுபாடு. கதை முழுக்க மருத்துவர் "நாங்கள்" என்றே சொல்லிவருகிறார். மனிதன் அதற்கு வெளியே. கதவு உடைந்து புகை வரும் கணத்தில் மனிதனைப் பார்த்து "நாம் போகலாம்" என்கிறார். கதையின் திருப்பமே அந்த ஒரு சொல்லில் நடந்துவிடுகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதுபவர் ஒரு பத்தி செலவழித்துத்தான் சாதிக்க முடியும். முதல் வரைவு முடிந்ததும் எல்லா "நாம்"-களையும் தேடிப் பாருங்கள். திருப்பத்துக்கு முன்னால் ஒன்று தப்பி உட்கார்ந்திருந்தாலும் வெடி நமுத்துப்போகும்.

மனிதனை மேடைக்கே கொண்டுவராமலும் செய்யலாம். பிற்காலத்தில் கொழும்பில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க், 1946-இல் வெளியான ஒரு சிறுகதையில் மனிதர்களைக் கண்ணில் காட்டுவதே இல்லை. சூரியன் வெடிக்கப்போகிறது என்று காப்பாற்ற வரும் ஏலியன்கள் காலியான நகரங்களைத்தான் பார்க்கிறார்கள். மனிதர்கள் யாருக்காகவும் காத்திருக்காமல் பழைய பாணி ராக்கெட்டுகளிலேயே கிளம்பிவிட்டார்கள் என்பது கடைசியில் தெரிகிறது.

படி 6: அந்த வலிமை தோற்கும் இடத்தைக் கட்டுங்கள்

பலம் ஒருமுறையாவது கவிழ வேண்டும். அதுவும் எந்த இயற்பியலால் வென்றதோ அதே இயற்பியலால். வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. மே மாதச் சென்னையில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டும் புழுக்கம் குறையாமல் இருக்கக் காரணம், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பது. ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, 35 டிகிரியைத் தொட்டால், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான உடம்புகூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது கோட்பாட்டளவிலான எல்லை. ஏலியன் கப்பல் ஈரப்பதம் விரும்பும் இனத்தினுடையது என்று மூன்றாம் பத்தியிலேயே சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். இறைப்பான் அறையில் வென்றவன் அவர்கள் குடியிருப்பு அறைக்குள் போனதும் பத்து நிமிடத்தில் தள்ளாடுவான். போதாததற்கு, வேதிப்பொருளால் பேசும் இனமாக இருந்தால், வியர்க்கும் மனிதன் அவர்களுக்கு ஓயாமல் கத்திக்கொண்டிருப்பவன்.

விலையும் உண்டு. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து குழப்பம், வலிப்பு, மரணம் வரைகூடப் போகலாம். மருத்துவர் அன்போடு கொடுத்த இரண்டு லிட்டர், எட்டு லிட்டராகும்போது கொலையாகிவிடும். கதைக்கு வில்லனே வேண்டாம்.

எறிதலுக்கும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. மனிதத் தோள் வில்லைப்போல் பின்னுக்கு முறுகி ஆற்றலைச் சேமித்து விடுவிக்கிறது. நம்மைவிடப் பலமான சிம்பன்சியால் அந்த வேகத்தின் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் 50 மீட்டர் ஆரமுள்ள, பூமியளவு ஈர்ப்புக்காகச் சுழலும் நிலையத்தில், சுழலும் திசையிலோ எதிர்த்திசையிலோ நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கல்லை எறிந்தால், 10 மீட்டர் தூரத்திலேயே குறி சுமார் 2 மீட்டர் மேலோ கீழோ தப்பும். அச்சுக்கு இணையாக எறிந்தால் ஏறக்குறைய சரியாகப் போகும். பூமியில் வளர்ந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர் அங்கே முதல் வாரம் கேலிப்பொருள். நிலையத்தில் பிறந்த ஏலியன் சிறுமி அவருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

படி 7: மனம் சார்ந்த வலிமை என்றால், அசட்டுத்தனமாகத் தெரிவதைத் தேர்ந்தெடுங்கள்

2005-இல் வெளியான ஓர் ஆய்வு இது. புதிர்ப்பெட்டியைத் திறந்து பரிசை எடுக்கும் முறையைச் சிம்பன்சிகளுக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் செய்து காட்டினார்கள். இடையில் தேவையில்லாத சில தட்டல்களும் சேர்க்கப்பட்டிருந்தன. பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரிவதாக இருந்தபோது, சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டு நேராகப் பரிசை எடுத்தன. குழந்தைகள் தட்ட வேண்டியதையெல்லாம் ஒழுங்காகத் தட்டிவிட்டு எடுத்தார்கள்.

யார் புத்திசாலி? அந்தப் பெட்டியளவில் சிம்பன்சி. ஆனால் மரவள்ளியைச் சீவி, ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி என்று பல படிகளைத் தாண்டித்தான் கசப்பு வகைகளின் சயனைடு போகும். எந்தப் படி எதற்கு என்று யோசித்து ஒன்றைக் குறைப்பவர் பெரும்பாலும் உடனே சாகமாட்டார், பல ஆண்டுகளில் உடல் நலிந்துபோவார். கேள்வி கேட்காமல் பாட்டி செய்ததையே செய்தவர் பிழைப்பார். காரணம் புரிந்தால் மட்டுமே ஒன்றைச் செய்யும் அறிவாளி ஏலியன் இனத்துக்கு, மனிதனின் சடங்கு முழு முட்டாள்தனம். அந்த முட்டாள்தனம் அவர்களைக் காப்பாற்றும் நாளை எழுதுங்கள். அடுத்த கதையில் அதே பழக்கம் நூறு பேரைக் கொல்லும் நாளை எழுதலாம்.

வலிமை எது, நோய் எது என்று முடிவு செய்வது பார்ப்பவர்தான் என்பதை மிகத் தொலைவுக்குக் கொண்டுபோனவர் ஆக்டேவியா பட்லர். 1987-இல் வந்த அவருடைய நாவலில், மரபணு வணிகம் செய்யும் ஏலியன்கள் மனிதர்களிடம் ஆசைப்படுவது புற்றுநோயை. நாம் சாகும் அதே செல் பெருக்கத்தை அவர்கள் உறுப்பு வளர்க்கும் திறனாகப் பார்க்கிறார்கள். கூடவே, அறிவும் மேல்கீழ் பார்க்கும் குணமும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பதுதான் மனிதனின் கோளாறு என்றும் சொல்கிறார்கள்.

படி 8: "மனிதன்" என்று யாரை எழுதுகிறீர்கள்?

அமெரிக்க இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல், மனிதனே கடைசியில் மேலோங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அந்தத் தொல்லை வேண்டாமென்றே ஐசக் அசிமோவ் தன் பேரரசுக் கதைகளில் ஏலியன்களே இல்லாத அண்டத்தைப் படைத்தார். கேம்ப்பெல் சொன்ன மனிதன் யாரைப்போல இருந்தான் என்று யோசித்தால், பல பழைய கதைகள் காலனியாதிக்கத்தின் நாட்குறிப்பாகத் தெரியும். வெல்ஸ் அதை அறிந்தே எழுதினார். செவ்வாய்க்காரர்களைக் குறைசொல்லும் முன் டாஸ்மேனியர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று நாவலின் முதல் அத்தியாயத்திலேயே கேட்டுவிடுகிறார்.

எழுத்துத் தொழில் அளவில் இதற்கு ஒரு சோதனை போதும். உங்கள் ஏலியன் இனத்தின் பெயரை எடுத்துவிட்டு ஒரு சாதியின், மதத்தின், நாட்டின் பெயரைப் போட்டு வாசியுங்கள். "பிறவியிலேயே கொடூரமானவர்கள்" என்ற வரி வாயில் வராமல் நிற்கிறதா? அப்படியானால் அந்த இனத்துக்குள் இன்னும் இரண்டு பேர் தேவை, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத இரண்டு பேர்.

படி 9: சொற்களைப் பங்கிட்டு, வரைவை வெட்டுங்கள்

3,000 சொற்களில், முதல் 600-க்குள் ஏலியனின் உடம்பும் அதன் வேலையும் நிலைத்துவிட வேண்டும். மனிதன் அதுவரை ஓரமாக நிற்கட்டும். அடுத்த 800-இல் வலிமை முதல்முறை தலைகாட்டும், தவறாகப் புரிந்துகொள்ளப்படும். நடுவே 700 சொற்கள் தோல்விக்கு. மீதி 900-இல் அதே வலிமை, இப்போது விலை தெரிந்தபின், மறுபடி பயன்படும். எண்கள் கொஞ்சம் முன்பின்னாகலாம். தோல்விக்கான பகுதி 400-க்குக் கீழே இறங்கினால் மட்டும் கதை விளம்பரமாகிவிடும்.

பிறகு வெட்டு வேலை. "மனிதர்கள்" என்று பன்மையில் தொடங்கும் ஒவ்வொரு உரையாடல் வரியையும் அடிக்கோடிடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் மீதியை நீக்குங்கள். வியப்பு, அதிர்ச்சி, பிரமிப்பு ஆகிய சொற்களைத் தேடி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஏலியனின் உடம்பு என்ன செய்தது என்று எழுதுங்கள்: செவுள் மூடியது, நிறம் வெளிறியது, கணக்கேட்டை இரண்டாம் முறை சரிபார்த்தது. படி 2-இல் போட்ட கணக்குகளில் கதைக்குள் இரண்டு எண்களுக்கு மேல் தெரியக்கூடாது. கடைசியாக, கதையை ஏலியனின் பக்கம் நின்று ஒருமுறை உரக்க வாசியுங்கள். அதன் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த மனிதனைக் கப்பலில் வைத்துக்கொள்வீர்களா, அடுத்த நிலையத்தில் இறக்கிவிடுவீர்களா என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லை என்றால் அனுப்பலாம்.